பட்டாளத்துக்காரர் வீட்டுக்குப் போகும்போது

மலேசியாவின் பேராக் காடுகளில் கண்ணிவெடியை மிதித்துக் காலை இழந்தவர்களில் பலர் இன்று எழுபதை நெருங்கியோ தாண்டியோ இருக்கிறார்கள். கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலம் 1960 ஜூலை 31ஆம் தேதி முடிந்தது என்று பள்ளியில் படித்திருப்போம். சண்டை அதோடு ஓயவில்லை. 1968 ஜூன் 17ஆம் தேதி குரோ–பெத்தோங் சாலையில் பாதுகாப்புப் படையினர் 17 பேர் பதுங்கித் தாக்கப்பட்டு இறந்தார்கள். அன்று மறுபடி தொடங்கியது 1989 டிசம்பர் 2ஆம் தேதி ஹாட்யாய் உடன்படிக்கை கையெழுத்தாகும்வரை நீண்டது. கிரிக், தெமெங்கோர், சுங்கை சிப்புட் பக்கக் காடுகளில் காவல் சுற்றியவர்களில் தோட்டத்து லயங்களிலிருந்து போன தமிழ்ப் பிள்ளைகளும் உண்டு. பிறகு 1993இல் சோமாலியாவில் அமைதிப்படைப் பணி, 2013இல் சபாவின் லாஹாட் டத்து ஊடுருவல், இடையிடையே பயிற்சி விபத்துகள் என்று காயம்பட்டவர்களின் வரிசை நீண்டுகொண்டே வந்திருக்கிறது.

கமுண்டிங்கில் முகாம் இருப்பதால் தைப்பிங்கில் பட்டாளத்துக் குடும்பம் இல்லாத தாமான் குறைவு. கோயில் குழுவோ இளைஞர் மன்றமோ நாலு நண்பர்களோ சேர்ந்து இவர்களுக்கு ஏதாவது செய்ய நினைத்தால், எங்கே தொடங்கி எப்படிச் செய்வது என்பதற்கே இந்தக் கட்டுரை. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வருஷத்துக்கு ஒருமுறை மேடை போட்டுப் பொன்னாடை போர்த்துவதால் இந்தக் குடும்பங்களுக்குப் பெரிதாக எதுவும் மாறுவதில்லை. ஒரு குடும்பத்துக்கு ஒரு தொண்டர், அவர்களுடைய உதவி விண்ணப்பக் கோப்பு ஒரு முடிவுக்கு வரும்வரை கூடவே நின்றால் மாறுகிறது. பிரிட்டனில் 1885இல் தொடங்கிய ஸாஃபா என்ற அமைப்பு இன்றுவரை இப்படித்தான் வேலை செய்கிறது. பயிற்சி பெற்ற தொண்டர் வீட்டுக்குப் போவார், உட்கார்ந்து பேசுவார், படிவத்தை நிரப்பி முடிவு வரும்வரை பின்தொடர்வார். நாலு பேர் கொண்ட குழுவாலும் இதைச் செய்ய முடியும்.

முதலில், யார் யார்?

பட்டாளத்தில் இருந்ததை வெளியே சொல்லிக்கொள்ளாதவர்கள் நிறைய. முன்னாள் படைவீரர் சங்கக் கிளையில் கேளுங்கள். அதோடு ஒட்டுக்கடை, முடிதிருத்தும் கடை, கோயில் அன்னதானக்கூடம் ஆகிய இடங்களிலும் விசாரியுங்கள். ‘எங்க வீட்டுக்காரர் பட்டாளத்துல இருந்தாரு’ என்று சொல்லும் அம்மாக்களைத் தவறவிடாதீர்கள். விதவைகள்தான் உதவி கேட்டு வராமலே இருந்துவிடுகிறவர்கள்.

பெயர் கிடைத்ததும் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். அவர் ராணுவத்தில் இருந்தவரா, போலீஸ் காட்டுப்படையில் இருந்தவரா, அவசரகாலத்தில் தோட்டத்துக்குக் காவல் நின்ற எஸ்.சி. என்ற சிறப்புக் காவலரா? நம் பேச்சில் எல்லாரும் பட்டாளத்துக்காரர்தான், அரசாங்கத்துக்கு அப்படியில்லை. ராணுவத்தினருக்குத் தற்காப்பு அமைச்சின் கீழுள்ள முன்னாள் படைவீரர் விவகார இலாகா, அதாவது ஜே.எச்.இ.வி. போலீசில் இருந்தவர்களுக்கு முன்னாள் போலீஸ்காரர் சங்கமும் காவல்துறையின் சொந்தப் பிரிவுகளும். தவறான கதவைத் தட்டி ஆறு மாதம் காத்திருந்த குடும்பம் அடுத்த முறை நம்மை நம்பாது.

முதல் நாள்

போன் செய்துவிட்டுப் போங்கள். காலையில் போவது நல்லது, தைப்பிங் மழையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு பேர் போதும். விதவை வீடு என்றால் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். கையில் ஹேம்பர் வேண்டாம், கேமரா கூடவே கூடாது. பொருளோடு போனால் அந்த வீடு உங்களைப் பொருள் கொடுக்க வந்தவராகவே பார்க்கும், கோப்பைப் பற்றிய பேச்சு எழாது.

‘பசியாறிட்டீங்களா ஐயா?’ என்று தொடங்கலாம். ‘கால் எப்படிப் போச்சு?’ என்று நீங்களாகக் கேட்காதீர்கள். சொல்ல நினைத்தால் அவரே சொல்வார், அது மூன்றாவது சந்திப்பிலோ பத்தாவதிலோ வரலாம், வராமலும் போகலாம். வெடிச்சத்தத்தில் காது போனவர்கள் அதிகம் என்பதால் முகத்துக்கு நேரே உட்கார்ந்து நிதானமாகப் பேசுங்கள். பின்னாலிருந்து தோளைத் தொடாதீர்கள். தலையாட்டிச் சிரிக்கிறார் என்பதற்காக அவர் கேட்டுவிட்டார் என்று எண்ணாமல், முக்கியமானதைத் தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள்.

மனைவியிடம் தனியாகப் பத்து நிமிஷம் பேசுங்கள். ‘அவரு ராத்திரில தூங்குறாரா அம்மா? நீங்க தூங்குறீங்களா?’ என்ற இரண்டு கேள்விகளில் அந்த வீட்டின் நிலைமை பாதி தெரிந்துவிடும்.

கோப்பு

என் பார்வையில் எல்லாவற்றையும்விடப் பெரிய வேலை இதுதான். ஒரு பிளாஸ்டிக் கோப்பு வாங்கிக்கொள்ளுங்கள். அடையாள அட்டை, ராணுவ எண், படையிலிருந்து விலகியபோது கொடுத்த சான்றிதழ், காயம் பற்றிய அறிக்கை, ராணுவ மருத்துவ வாரியத்தின் முடிவு, பதக்கங்களின் ஆவணங்கள், திருமணப் பதிவு, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், வங்கிக் கணக்கு எண் ஆகியவற்றின் நகல்கள் அதில் இருக்கட்டும். அசல் எப்போதும் அவர்கள் வீட்டிலேயே இருக்க வேண்டும். எந்த நகலையும் வாட்ஸ்அப் குழுவில் போடக்கூடாது.

தாள்கள் தொலைந்திருந்தால் பதற வேண்டாம். ராணுவ எண் ஒன்று தெரிந்தாலே ஜே.எச்.இ.வி. வழியாகப் பழைய பதிவைத் தேடச் சொல்லலாம். எண்ணும் மறந்துவிட்டதா? பழைய படம், பதக்கத்தோடு வந்த கடிதம், கூடப் பணியாற்றிய நண்பர் என்று தேடுங்கள். ரெஜிமென்ட் நண்பர்கள் ஒருவர் எண்ணை ஒருவர் நினைவில் வைத்திருப்பது வியப்பான உண்மை.

தமிழ்க் குடும்பங்களில் இரண்டு இடங்களில் கோப்பு முட்டிக்கொண்டு நிற்கும்.

ஒன்று, பெயர். முனியாண்டி என்ற ஒரே பெயர் பிறப்புப் பத்திரத்தில் ஒரு எழுத்தில், அடையாள அட்டையில் இன்னொரு எழுத்தில், ராணுவப் பதிவில் மூன்றாவது எழுத்தில் இருக்கும். தோட்டத்துக் கிராணி காதில் விழுந்தபடி எழுதியது அது. இந்தப் பெயர்கள் எல்லாம் ஒரே ஆளுடையவைதான் என்று சத்தியப் பிரமாண ஆணையர் முன்னிலையில் ஓர் உறுதிமொழிப் பத்திரம் எடுத்துக் கோப்பில் வைத்துவிடுங்கள். கேட்கும்வரை காத்திருக்காதீர்கள்.

இரண்டு, திருமணம். கணவர் இறந்தபின் மனைவிக்கு வரவேண்டிய வாரிசு ஓய்வூதியத்துக்குத் திருமணத்துக்கு ஆதாரம் வேண்டும். 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச் 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு முறைப்படி கோயிலில் நடந்த திருமணங்களைப் பதிவு செய்யப்பட்டவையாகவே அந்தச் சட்டம் கருதுகிறது. திருமணம் நடந்தது என்பதை மட்டும் காட்டியாக வேண்டும். கோயில் ரசீது, அழைப்பிதழ், தாலி கட்டும் படம், தாய் தந்தை இருவர் பெயரும் உள்ள பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்கள், திருமணத்துக்கு வந்திருந்த பெரியவர் ஒருவரின் உறுதிமொழி ஆகியவை துணை நிற்கும். அந்தத் தேதிக்குப் பிறகு கோயிலில் மட்டும் தாலி கட்டிப் பதிவு செய்யாமல் விட்டிருந்தால், இருவரும் உயிரோடு இருக்கும்போதே தேசியப் பதிவிலாகாவுக்கு அழைத்துப் போங்கள். ‘அறுபது வயசுல இதென்ன கல்யாணம்’ என்று அவர்கள் சிரிக்கக்கூடும். ஆனாலும் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள்.

எந்தக் கதவு முதலில்?

எத்தனை ஆண்டுகள் பணியில் இருந்தார் என்பதே முதல் கேள்வி. சாதாரண வீரர்களுக்கு ஓய்வூதியம் கிடைக்க 21 ஆண்டுகள் முடித்திருக்க வேண்டும். அதற்குமுன் விலகியவர்கள் ஓய்வூதியம் இல்லாத முன்னாள் வீரர்கள் என்ற வரிசையில் வருவார்கள். அவர்களுக்காக வாழ்க்கைச் செலவு உதவி என்ற தனித் திட்டம் ஜே.எச்.இ.வி.யில் உண்டு. பணியில் பட்ட காயத்தால் ஊனமடைந்து விலகியவர்களுக்கு ஊனமுற்றோர் ஓய்வூதியம் இருக்கிறது, அது மருத்துவ வாரியம் கொடுத்த விழுக்காட்டைப் பொறுத்தது. மருத்துவச் சாதனங்கள், வீடு பழுதுபார்ப்பு, பிள்ளைகளின் படிப்பு ஆகியவற்றுக்கும் அங்கே விண்ணப்பிக்கலாம். பேராக் மாநிலத்துக்கான அலுவலகம் ஈப்போவில் இருக்கிறது. போவதற்குமுன் தொலைபேசியில் பேசி, என்னென்ன தாள் வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொண்டு போனால் இரண்டு பயணம் ஒன்றாகும். தொகையும் தகுதியும் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறும், அதனால் போன வருஷம் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கிடைத்ததை வைத்து வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

அடுத்தது சமூகநல இலாகாவின் ஓ.கே.யூ. என்ற ஊனமுற்றோர் அட்டை. அரசு மருத்துவர் படிவத்தில் கையெழுத்திட வேண்டும். அட்டை வந்தால் அரசு மருத்துவமனைக் கட்டணத்தில் சலுகை, ரயில் கட்டணத்தில் கழிவு, செயற்கைக் கால் போன்ற சாதனங்களுக்கு உதவி, படுத்த படுக்கையாகக் கிடப்பவரைக் கவனிப்பவருக்கு உதவித்தொகை ஆகியவற்றுக்கு விண்ணப்பிக்க வழி திறக்கும். ‘நான் பட்டாளத்துக்காரன், எனக்கு எதுக்கு ஊனமுற்றோர் அட்டை?’ என்று மறுப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த மனசைப் புரிந்துகொள்ளுங்கள், அவசரப்படுத்தாதீர்கள். ஏற்கெனவே அட்டை வாங்கிய இன்னொரு முன்னாள் வீரரைக் கூட்டிக்கொண்டு போனால் நம் பேச்சைவிட அவர் பேச்சு எடுபடும்.

தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவையும் மறக்கக்கூடாது. படையைவிட்டு வந்தபின் பாதுகாவலராகவோ லாரி ஓட்டுநராகவோ வேலை செய்து சந்தா கட்டியிருந்தால், அறுபது வயதுக்குள் உழைக்க முடியாமல் போனவருக்கும், அந்த வயதுக்குள் இறந்தவரின் குடும்பத்துக்கும் அங்கே தனி உரிமை இருக்கலாம்.

விண்ணப்பம் எதற்கும் கட்டணம் இல்லை. ‘நான் எடுத்துத் தர்றேன், வர்ற காசுல பங்கு குடுங்க’ என்று அலைகிற ஏஜெண்டுகளிடமிருந்து குடும்பத்தைக் காப்பதும் நம் வேலை. நம் குழுவுக்கும் அதே கட்டுப்பாடு: அவர்களுடைய வங்கி அட்டையையோ இரகசிய எண்ணையோ நல்ல எண்ணத்தோடுகூட வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது.

உடம்பும் வீடும்

செயற்கைக் கால் வைத்திருப்பவருக்கு ஈரம்தான் எதிரி. வெட்டுப்பட்ட முனையில் போடும் உறை வியர்வையிலும் மழையிலும் நனைந்து, தோல் சிவந்து, புண்ணாகும். நீரிழிவும் சேர்ந்தால் அந்தச் சின்னப் புண் மறுபடி அறுவைசிகிச்சைவரை கொண்டுபோகும். இரண்டு மூன்று மாற்று உறைகள் வீட்டில் இருக்கின்றனவா, தினமும் கழற்றிப் பார்த்துத் துடைக்கிறாரா என்று கேளுங்கள். தோல் சிவந்திருந்தால் அன்றைக்கே கிளினிக்குக்குப் போகச் சொல்லுங்கள். உடம்பு இளைத்தாலும் பெருத்தாலும் பழைய கால் பொருந்தாது. வலிக்கிறது என்று மூலையில் சாத்திவைத்த கால்கள் பல வீடுகளில் உண்டு. மருத்துவமனையின் மறுவாழ்வுப் பிரிவுக்குப் பரிந்துரைக் கடிதம் வாங்கினால் புதிதாக அளவெடுக்க முடியும்.

வாசலில் சாய்தளம் கட்ட இளைஞர்கள் ஆர்வமாக வருவார்கள். வரட்டும், ஆனால் அளவு தவறக் கூடாது. ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது கணக்கு. வாசற்படி அரையடி உயரம் என்றால் ஆறடி நீளச் சாய்தளம். இடமில்லை என்று செங்குத்தாகக் கட்டினால் சக்கர நாற்காலியோடு ஆள் கவிழ்ந்துவிடுவார். மேல்பூச்சு சொரசொரப்பாக இருக்கட்டும், பாசி பிடிக்காமல் மாதம் ஒருமுறை தேய்க்க ஒருவர் பொறுப்பேற்கட்டும். குளியலறையில் கைப்பிடி, பிளாஸ்டிக் நாற்காலி, வழுக்காத விரிப்பு ஆகிய மூன்றும் சாய்தளத்தைவிட முதலில் செய்ய வேண்டியவை.

மனசு

தீபாவளிக்கும் சீனப் பெருநாளுக்கும் இரவெல்லாம் பட்டாசு வெடிக்கும். சிலருக்கு அந்த நாட்கள் நரகம். தேதியைக் குறித்துவைத்து அந்த மாலைகளில் யாராவது போய்க் கூட உட்காருங்கள், முடிந்தால் சொந்தக்காரர் வீட்டில் அமைதியான இடத்துக்கு அழைத்துப் போங்கள். கெட்ட கனவு, திடீர்க் கோபம், சம்சுவில் விழுவது எல்லாம் குணக்கேடு என்று ஊர் பேசும். அவை காயத்தின் பகுதி, சிகிச்சை உண்டு என்று குடும்பத்துக்குச் சொல்லுங்கள். நாம் மனநல ஆலோசகர்கள் அல்ல. கேட்பதும் மருத்துவரிடம் கொண்டுசேர்ப்பதும்தான் நம்மால் ஆவது.

‘இனி வாழ்ந்து என்ன’ என்ற பேச்சு வந்தால் பேச்சை மாற்றாதீர்கள். சாகவேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியே விடாமல் அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள், அல்லது 999ஐ அழையுங்கள். சுகாதார அமைச்சின் மனநல உதவி எண் 15555. வீட்டில் அடி உதை நடக்கிறது என்றால் தாலியான் காசே என்ற உதவி எண் 15999. இரண்டையும் மனைவியின் போனிலும் பதிந்து கொடுங்கள்.

அந்த மனைவிக்கு வாரத்தில் இரண்டு மணி நேரமாவது வெளியே போக முடிய வேண்டும். கோயிலுக்கோ சந்தைக்கோ தங்கை வீட்டுக்கோ, எங்கே என்று நாம் கேட்க வேண்டியதில்லை. அந்த நேரம் ஐயாவோடு ஒருவர் உட்கார்ந்திருந்தால் போதும். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றத் தெரிந்தவராக அவர் இருக்க வேண்டும், அதை மருத்துவமனையின் உடலியக்கச் சிகிச்சையாளரிடம் கேட்டுக் கற்றுக்கொள்ளலாம்.

விட்டுவிடாமல்

கோயில் குழு மாறும், இளைஞர்கள் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போவார்கள். அதனால் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு நோட்டு வேண்டும்: எந்தத் தேதியில் எந்த விண்ணப்பம் போனது, கவுண்டரில் யார் வாங்கினார்கள், கோப்பு எண் என்ன, அடுத்து எப்போது கேட்கவேண்டும். விலகும் தொண்டர் புதியவரை நேரில் அழைத்துப்போய் அறிமுகம் செய்துவிட்டு நோட்டை ஒப்படைக்க வேண்டும். மனு நிராகரிக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். விடுபட்ட ஒரு தாளே காரணமாக இருக்கலாம், அதைச் சேர்த்து மேல்முறையீடு செய்யுங்கள்.

ஐயா காலமானால் செய்தியை ஜே.எச்.இ.வி.க்கு உடனே தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காமல் கணக்கில் வந்துகொண்டிருக்கும் ஓய்வூதியத்தை எடுத்துச் செலவழித்தால், பின்னால் அம்மாவிடம் திருப்பிக் கேட்பார்கள். இறப்புச் சான்றிதழின் நகல்கள், திருமண ஆதாரம், அம்மாவின் பெயரில் தனி வங்கிக் கணக்கு ஆகியவை கோப்பில் தயாராக இருந்தால், பதினாறாம் நாள் காரியம் முடிந்த வாரமே வாரிசு ஓய்வூதியத்துக்கான படிவத்தைக் கொடுத்துவிடலாம். ஈப்போவுக்கு அம்மாவைத் தனியாக அனுப்பாதீர்கள், நோட்டை எடுத்துக்கொண்டு நீங்களும் போங்கள்.