விமானத்தில் சுபுஹு எப்போது?

காளவாசலைச் சேர்ந்த பெரியவர் ஒருவர், சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மே மாதத்தில், உம்ராவை முடித்துக்கொண்டு ஜித்தாவிலிருந்து சென்னைக்குத் திரும்பினார். விமானம் இரவு 10 மணிக்குப் புறப்பட்டது. இஷாவை நிலையத்திலேயே தொழுதுவிட்டு ஏறியவர், அசதியில் உறங்கிப் போனார். கண் விழித்தபோது ஜன்னலில் வெயில். கைக்கடிகாரமோ மூன்றேகால் மணி காட்டிற்று! வீடு வந்து சேர்ந்ததும் எம்மிடம் அவர் கேட்ட முதல் கேள்வி: "என் சுபுஹு எங்கே போச்சு தம்பி?"

கடிகாரம் பழுதில்லை. அது ஜித்தாவின் நேரத்தையே சொல்லிக்கொண்டிருந்தது. ஜித்தாவில் 3-15 என்றால் நம் நாட்டில் 5-45. மே மாதத்தில் சென்னையில் சூரியன் உதிக்கும் வேளை அது. சுபுஹு நேரம் அவர் கடிகாரத்தில் ஏறக்குறைய இரண்டு மணிக்கே தொடங்கிவிட்டது. நடுநிசி என்று எண்ணி உறங்கியவர் களாச் செய்ய வேண்டியதாயிற்று.

சென்னைக்கும் ஜித்தாவுக்கும் இடையே வான்வழித் தூரம் சுமார் 4,450 கிலோமீட்டர். போகும்போது ஏறக்குறைய 6 மணி நேரம். திரும்பும்போது காற்றின் துணையால் சற்றுக் குறையும். சென்னை 80-வது தீர்க்கரேகையிலும், ஜித்தா 39-வது தீர்க்கரேகையிலும் இருக்கின்றன. ஒரு பாகைக்கு 4 நிமிடம் வீதம், சூரியன் சென்னையைக் கடந்து 2 மணி 44 நிமிடம் கழித்தே ஜித்தாவை அடைகிறது. அரசாங்கக் கடிகாரங்களில் இது இரண்டரை மணி நேரம்.

டிக்கெட்டில் அச்சிட்டிருப்பது அந்தந்த ஊர் நேரம். பிற்பகல் 2 மணிக்குச் சென்னையில் ஏறி, 5-30க்கு ஜித்தாவில் இறங்குவதாக இருந்தால், மூன்றரை மணிப் பயணம்தானே, அஸரை இறங்கித் தொழலாம் என்று தோன்றும். உண்மையில் அது 6 மணி நேரப் பயணம். டிசம்பரில் ஜித்தாவில் 5-40 அளவில் சூரியன் மறைந்துவிடும். பாஸ்போர்ட் வரிசையில் நிற்கும்போதே அஸர் கைநழுவிப் போகும். பாதி வழி தாண்டியதும் அஸர் நேரம் வந்துவிடுவதால், ஒளூவோடு இருந்து விமானத்திலேயே தொழுதுகொள்ள வேண்டும். மேற்கே போகையில் சூரியன் மெதுவாகவே சாய்வதால் அவகாசமும் உண்டு.

இங்கே மத்ஹபைக் கவனிக்க வேண்டும். ஷாபிஈகளான கீழக்கரை, காயல்பட்டினத்தார் சென்னைக்கு வந்துவிட்டாலே முஸாபிர்கள்; ளுஹரோடு அஸரை முற்படுத்தி ஜம்உ செய்துகொள்ளலாம். நம் மதுரைப் பக்கத்து ராவுத்தர் குடும்பங்கள் பெரும்பாலும் ஹனஃபீகள். அவர்களுக்கு கஸர் உண்டு. அரஃபா, முஸ்தலிஃபா தவிர வேறிடத்தில் ஜம்உ இல்லை. ஆகவே கவனம் அவர்களுக்கே அதிகம் தேவை.

ரமளானில் பகலில் மேற்கே பறப்பவர் நோன்பைத் தொடர்ந்தால், ஊரில் இருப்பவர்களைவிட இரண்டரை மணிக்கு மேல் கூடுதலாகப் பசித்திருக்க நேரும். சென்னையில் பாங்கு சொல்லியிருப்பார்கள் என்று கணக்கிட்டு நோன்பு திறக்கக் கூடாது. விமானத்தின் ஜன்னலில் சூரியன் தெரியும்வரை மஃரிப் இல்லை. அவ்வளவு உயரத்தில், கீழே இருப்பவர்களுக்கு மறைந்த பிறகும் பத்து நிமிடத்துக்கு மேல் சூரியன் கண்ணுக்குத் தெரியும். காலையில் அதேபோல் முன்னதாகவே உதித்துவிடும். பெரியவர் இப்போதெல்லாம் விமானத்தில் ஏறியவுடன் கடிகாரத்தை இறங்கும் ஊர் நேரத்துக்குத் திருப்பிக்கொள்கிறார். எந்நேரம் எழுப்ப வேண்டும் என்று பக்கத்து இருக்கைக்காரரிடமும் சொல்லி வைத்துவிடுகிறாராம்.