‘லஜி’ எல்லாம் படிப்பா?

எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகள் ஆங்கிலத் தேர்வில் ஒரு மதிப்பெண்ணைக் கோட்டை விட்டு வந்தாள். ‘லஜி’ என்று முடிந்தால் ‘பற்றிய படிப்பு’ என்று பள்ளியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பயாலஜி உயிரியல், சைக்காலஜி உளவியல் என்று சரியாக எழுதியவள், ‘அபாலஜி’யையும் ஏதோ ஒரு படிப்பாக்கிவிட்டாள்! “மன்னிப்புக்கு எதற்கப்பா லஜி?” என்று கேட்டாள். எனக்கும் விடை தெரியவில்லை. அகராதியை எடுத்தேன்.

மூலம் கிரேக்கச் சொல்லான ‘லோகோஸ்’. அதற்குச் சொல், பேச்சு, காரணம் என்று பல பொருள். படிப்பு என்பது பிறகு வந்து சேர்ந்தது. குற்றச்சாட்டை விலக்கப் பேசும் பேச்சே ‘அபாலஜி’, அதாவது எதிர்வாதம். கி.மு. 399இல் ஏதென்ஸ் நீதிமன்றத்தில் சாக்ரடீஸ் பேசியதாகப் பிளேட்டோ எழுதிய நூலுக்கு அதுதான் பெயர். அதில் அவர் மன்னிப்புக் கேட்கவே இல்லை. தமக்கு அரசுச் செலவில் சாப்பாடு போட வேண்டும் என்றல்லவா கேட்கிறார்! ஆங்கிலத்திலும் முதலில் எதிர்வாதம் என்ற பொருளே இருந்தது. மன்னிப்பு பின்னால் வந்தது.

‘யூலஜி’ என்றால் நல்ல சொல், புகழுரை. ‘டிரைலஜி’ ஏதென்ஸ் நாடக விழாவின் மூன்று தொடர் நாடகங்கள். ‘அந்தாலஜி’ இன்னும் அழகு: ‘அந்தோஸ்’ என்றால் பூ, லோகோஸின் வினைச்சொல்லுக்குச் ‘சேர்த்தல்’ என்றும் பொருள் உண்டு. ஆகப் பூப்பறித்துச் சேர்த்தது! நாம் குறுந்தொகை, கலித்தொகை என்கிறோமே, அந்தத் ‘தொகை’தான்.

அறிவியல் பெயர்கள் பல பிற்காலத்தவை. பயாலஜி என்ற சொல்லை 1802இல் பிரான்சில் லமார்க்கும் ஜெர்மனியில் டிரெவிரானஸும் தனித்தனியே கையாண்டார்கள். 1830களில் காம்ட் பரப்பிய சோஷியாலஜி பாதி லத்தீன், பாதி கிரேக்கம். பண்டிதர்கள் முகம் சுளித்தார்கள், சொல் நிலைத்துவிட்டது.

தமிழில் இதற்கு ‘இயல்’ என்று வைத்தவர்கள் நல்ல காரியம் செய்தார்கள். இயல் என்றால் தன்மை. தொல்காப்பியத்தில் நூலின் பகுதி, மொத்தம் 27 இயல்கள். முத்தமிழில் இசையும் நாடகமும் நீங்கிய சொல்தமிழ். லோகோஸுக்கும் இதற்கும் உறவு ஏதுமில்லை. பொருத்தம் தற்செயல்தான், ஆனாலும் பொருத்தம்.

தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு ஒன்று. பெரும்பாலும் ‘லஜி’க்கு முன் ‘ஓ’ என்ற ஆங்கில எழுத்து வரும். வம்சாவளி பற்றிய ஜீனியாலஜியிலும், கனிமங்கள் பற்றிய மினராலஜியிலும் ‘ஏ’தான் வரும். என் மகள் இவற்றையும் ‘ஓ’ போட்டே எழுதி வைத்திருந்தாள்.