சுண்ணாம்பு கற்பிக்கும் வெப்பக் கணக்கு

வேதிவினை நிகழும்போது பொருள்கள் மாறுவதோடு வெப்பமும் கைமாறுகிறது. வெப்பத்தை வெளியிடுவது வெப்ப உமிழ்வினை. வெப்பத்தை ஏற்பது வெப்பக் கொள்வினை. இவ்விரண்டையும் காண ஆய்வுக்கூடம் செல்ல வேண்டுவதில்லை. எங்கள் பிரம்மதேசத்திலும் சுற்றுப்புற ஊர்களிலும் பொங்கலுக்கு முன் வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு நீற்றும் பானை ஒன்றே போதும். கடை வண்ணப்பூச்சுகள் பெருகியபின் அந்தப் பானைகள் அருகிவிட்டன. எனினும், அவை கற்பிக்கும் பாடம் இன்றும் அறியத்தக்கதே.

இப்பாடத்தின் முதற்பகுதி காளவாயில் நிகழ்கிறது. சுண்ணாம்புக்கல்லும் கடற்கரைக் கிளிஞ்சலும் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்டே ஆகும். அதனை ஏறத்தாழ 900 டிகிரி செல்சியஸ் வரை சுட்டால், கார்பன் டை ஆக்சைடு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு எஞ்சும். 100 கிராம் தூய கல் 56 கிராமாகக் குறையும். இக்குறைவுக்குக் காரணம் கல்லைவிட்டு நீங்கும் ஒரு வாயுவே என்பதை, ஸ்காட்லாந்து நாட்டு அறிஞர் ஜோசப் பிளாக் 1756-இல் வெளியிட்ட ஆய்வில் தராசின் துணைகொண்டு நிறுவினார். இவ்வினைக்கு ஒரு மோலுக்கு 178 கிலோஜூல் வெப்பம் தேவை. ஆகவே இது வெப்பக் கொள்வினை.

இரண்டாம் பகுதி பானையில் நிகழ்கிறது. சுட்ட சுண்ணாம்பில் நீர் சேர்ந்தால் அது பொரிந்து, கொதித்து, நீற்றுச் சுண்ணாம்பாகிறது. கல்லும் சுடவில்லை, நீரும் சுடவில்லை. அப்படியானால் இந்த வெப்பம் எங்கிருந்து வந்தது? அவ்விரண்டும் தனித்தனியே கொண்டிருந்த ஆற்றலின் கூட்டுத்தொகையைவிட, அவை சேர்ந்து உண்டான பொருளின் ஆற்றல் குறைவு. அந்த வேறுபாடே வெப்பமாக வெளிப்படுகிறது. அதன் அளவு மோலுக்கு 65 கிலோஜூல்.

மூன்றாம் பகுதி சுவரில் நிகழ்கிறது. பூசிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை மெல்ல மெல்ல ஏற்று, பானையில் தான் வாங்கிய நீரை விடுத்து, மீண்டும் கால்சியம் கார்பனேட்டாகிறது. செஞ்சிக் கோட்டைக் கட்டடங்களின் செங்கற்களைப் பிணைத்து நிற்கும் சுண்ணாம்புச் சாந்து இவ்வாறு கல்லாக இறுகியதே. இதிலும் மோலுக்கு 113 கிலோஜூல் வெப்பம் வெளிப்படுகிறது. ஆனால் அது பல நாள்களில் சிறிது சிறிதாக வெளிப்படுவதால் சுவரைத் தொடும் கைக்குச் சூடு தெரிவதில்லை.

இப்போது கூட்டிப் பாருங்கள். 65-உம் 113-உம் சேர்ந்தால் 178. காளவாயில் கல் வாங்கிய வெப்பம் முழுவதையும் பானையும் சுவருமாகத் திருப்பித் தந்துவிட்டன! இது தற்செயலன்று. 1840-இல் ஹெஸ் என்னும் வேதியியலறிஞர் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் வெளியிட்ட விதி இதுவே: வினை எத்தனை படிகளில் நடப்பினும், மொத்த வெப்ப மாற்றம் தொடக்கநிலையையும் இறுதிநிலையையும் மட்டுமே பொறுத்தது. கல்லில் தொடங்கிக் கல்லிலேயே முடிவதால் நிகர மாற்றம் சுழி. மேற்கண்ட எண்கள் யாவும் 25 டிகிரிக்குரிய அட்டவணை மதிப்புகள்.

இக்கணக்கு ஏட்டோடு நிற்பதன்று. எங்கள் தெருவில் சுண்ணாம்பு நீற்றும்போது பெரியவர்கள் சிறுவர்களை அருகே விடமாட்டார்கள். அதன் காரணம் பட்ட வகுப்பில் வேதியியல் படித்தபோதுதான் எனக்கு எண்களில் விளங்கிற்று. ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பு நீறும்போது ஏறக்குறைய 1,160 கிலோஜூல் வெளிப்படும். சிறிதும் வீணாகாவிடில், 30 டிகிரியிலுள்ள சுமார் 4 லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இவ்வெப்பம் போதும். நீர் குறைவாயின் அது சட்டென்று கொதித்துச் சுண்ணாம்பை வாரித் தெறிக்கும். தெறிப்பது வெறும் வெந்நீரன்று, காரம். கண்ணில் பட்டால் கருவிழியை ஊடுருவி அரித்துப் பார்வையையே பறிக்கவல்லது.

ஆகவே அகன்ற கலத்தில் நிறைய நீர் வைத்து, அதில் சுண்ணாம்பைச் சிறிது சிறிதாக இட வேண்டும். கலத்தை இறுக மூடலாகாது. முகத்தை அதன் மேல் நீட்டலாகாது. தவறிக் கண்ணில் பட்டால், துகள்களை அகற்றித் தூய நீரால் அரைமணி நேரம் இடைவிடாது கழுவி, உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். தேர்வுக்காக நாம் மனப்பாடம் செய்யும் 65 என்னும் எண் ஒரு குழந்தையின் கண்ணைக் காக்குமானால், நாம் கற்ற வேதியியலுக்கு அதைவிடச் சிறந்த பயன் வேறென்ன?