இரசிகர் பற்றும் சமூக ஊடகமும்

இரசிகர் என்றால் முதல் நாள் காட்சிக்கு வரிசை பிடிப்பவர் என்றே நாம் பழகிவிட்டோம். சமூக ஊடகமோ அவருக்கு நாள்தோறும் வேலை கொடுக்கிறது. தென்கொரியாவின் பி.டி.எஸ். குழு இதற்குத் தெளிவான சான்று.

2013 ஜூனில் முதல் பாடல் வெளிவரும் முன்பே, 2012இலேயே, குழுவினர் ஒரே டுவிட்டர் கணக்கில் எழுதத் தொடங்கினர். பயிற்சி, சாப்பாடு, கேலி எனச் சில்லறைச் செய்திகளே அதிகம். நெருக்கம் பிறந்தது அவற்றால்தான். தொலைக்காட்சி பார்ப்போரிடம் உண்டாகும் இத்தகைய ஒருதலை நெருக்கத்தை ஹார்ட்டன், வோல் எனும் ஆய்வாளர்கள் 1956இலேயே விளக்கியுள்ளனர்.

ஆனால், நெருக்கம் மட்டும் விசுவாசமாகிவிடாது; உழைப்பும் சேர வேண்டும் என்பது என் கருத்து. பில்போர்டின் சிறந்த சமூக ஊடகக் கலைஞர் விருதை 2011 முதல் 2016 வரை ஜஸ்டின் பீபரே பெற்றார். 2017இல் பி.டி.எஸ். அதைத் தட்டிச் சென்றது. ஹேஷ்டேக் இட்டு வாக்குச் சேர்த்தவர்கள் ‘ஆர்மி’ இரசிகர்கள். கொரியப் பேட்டிகளை மொழிபெயர்ப்பவர்களும் அவர்களே, அதுவும் ஊதியமில்லாமல்! இவ்வுழைப்பு நற்பணிக்கும் உதவியது. 2020 ஜூனில் அமெரிக்கக் கறுப்பினத்தாரின் உரிமை இயக்கத்திற்குக் குழுவும் நிறுவனமும் 10 இலட்சம் டாலர் வழங்கியபோது, இரசிகர்கள் ஏறக்குறைய ஒரே நாளில் அதே தொகையைத் திரட்டினர்.

இப்படி உழைத்தவருக்குக் கலைஞரின் வெற்றி தம் வெற்றியாகிறது. கலைஞரைக் குறைசொன்னால் தம்மையே சொன்னதாகச் சினம் வருகிறது. நிறுவனமும் இதை அறியும். 2019இல் அது தொடங்கிய வீவர்ஸ் செயலியில் உரையாடல். பக்கத்திலேயே வீவர்ஸ் கடை. உள்ளே வரும் புகைப்பட அட்டைக்காக ஒரே இசைத்தட்டை மூன்று நான்கு முறை வாங்குவோர் உண்டு, பி.டி.பி.டி.என். கடனில் படிக்கும் நம் தோழிகள் உட்பட.