திகில் கதைகளும் நம் விசுவாசமும்



சென்ற ஞாயிறு ஞானோபதேச வகுப்பு முடிந்து பிள்ளைகள் எல்லோரும் கலைந்த பின்பு, ஒரு சிறுவன் மட்டும் கதவோரம் நின்றுகொண்டிருந்தான். "சாமி, பேய்ப் படம் பார்த்தால் பாவமா?" என்று கேட்டான். எங்கே பார்த்தாய் என்றேன். "வீட்டில்தான், அக்காவின் செல்போனில். அதில் ஒரு குருவானவர் சிலுவையைக் காட்டிப் பேய் ஓட்டுகிறார். சிலுவை வருகிறதே, அப்படியானால் அது நம் வேதத்துப் படம்தானே?" என்றான்.

கேள்வி சிறு பிள்ளையுடையது, பொருளோ பெரியது. சிலுவையும் தீர்த்தமும் செபமாலையும் காட்டப்படுவதால் மட்டும் ஒரு கதை கிறிஸ்தவக் கதை ஆகிவிடுமா? அடுத்த வாரம் எல்லோருக்கும் சேர்த்து விடை சொல்கிறேன் என்று அவனை அனுப்பிவைத்தேன். அந்த விடைதான் இந்த வாரப் பாடம்.

வேதாகமத்தில் ஒரு திகில்

முதலில் ஒன்றைத் தெளிவாக அறிந்துகொள்ளுங்கள். நெஞ்சு படபடக்கக் கதை கேட்பது பாவமன்று. வேதாகமத்திலேயே அப்படிப்பட்ட சரித்திரம் உண்டு. பெரியவர்கள் தொபியாசு ஆகமம் என்று அறிந்த நூலை, இப்போது தோபித்து என்று அச்சிட்டிருப்பார்கள். பதினான்கு அதிகாரங்கள்தான்; ஒரே மாலையில் வாசித்துவிடலாம்.

சாராள் என்னும் பெண்ணை ஏழு பேர் ஒருவர் பின் ஒருவராக மணந்தார்கள். ஏழு பேரையும் முதலிரவிலேயே அஸ்மோதேயு என்னும் பசாசு கொன்றுபோட்டது. எட்டாவதாக அவளை மணக்க வருகிறான் தொபியாசு. அவனோடு வழித்துணையாக வந்தவர் இரபாயேல் சம்மனசு. வாசிக்கிற நமக்கு அது தெரியும், தொபியாசுக்குத் தெரியாது. கலியாண இரவில் பெண்ணின் தகப்பன் என்ன செய்கிறான்? மருமகன் பிழைக்கமாட்டான் என்று எண்ணி, அக்கம்பக்கத்தார் அறியாமல் குழி வெட்டி வைக்கிறான். பின்பு வேலைக்காரி விளக்கோடு அறைக்குள் போய்ப் பார்க்கிறாள். இருவரும் நிம்மதியாக உறங்குகிறார்கள்! விடியுமுன் குழியை மூடச் சொல்லிவிடுகிறான் தகப்பன்.

இதைவிடத் திகிலான இரவை எந்தப் படம் காட்டிவிடும்? ஆனால் கவனியுங்கள். அந்தப் பசாசு இந்த நூலில் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. அது வந்ததும் ஓடியதும் சில வரிகளில் முடிந்துபோகின்றன. புதுமணத் தம்பதிகள் எழுந்து செய்த செபமோ முழுமையாக எழுதப்பட்டிருக்கிறது. நூலாசிரியர் எதைப் பெரிதாக்கினார், எதைச் சிறிதாக்கினார் என்று பார்த்தால், கதையின் உள்ளம் விளங்கும்.

கையிழந்த ஞானசௌந்தரி

நம் தமிழ்நாட்டுக் கத்தோலிக்கர் பல தலைமுறையாகக் கண்ணீர் விட்டுக் கேட்ட கதை ஒன்று உண்டு. அது ஞானசௌந்தரி கதை. நாடக மேடைகளில் நடிக்கப்பட்டு, பின்பு 1948-ஆம் ஆண்டில் சிட்டாடல் நிறுவனத்தாரால் படமாக வந்தது. எம்.வி. ராஜம்மாவும் டி.ஆர். மகாலிங்கமும் நடித்தார்கள். அதே ஆண்டில் ஜெமினி நிறுவனமும் இதே கதையைப் படமாக்கியது. ஆயினும் சனங்கள் மனதில் நிலைத்தது சிட்டாடல் படமே. வேதக்காரரோடு மற்றவர்களும் திரண்டுபோய்ப் பார்த்தார்கள்.

மாற்றாந்தாயின் பொறாமையால் காட்டுக்கு அனுப்பப்பட்டு, இரு கைகளையும் இழக்கிறாள் ஞானசௌந்தரி. ஓர் இளவரசன் அவளைக் கண்டு இரங்கி மணந்துகொள்கிறான். அவன் ஊரில் இல்லாத வேளையில் பொய்க் கடிதம் அவளை மீண்டும் காட்டுக்குத் துரத்துகிறது. கையில்லாத தாய், பிள்ளைகளோடு காட்டில் தவிக்கிறாள். தேவமாதா அவளுக்குக் கைகளைத் திரும்பக் கொடுக்கிறாள். பிரிந்த குடும்பம் ஒன்றுசேர்கிறது.

இக்கதையின் வேர் ஐரோப்பாவில் உள்ளது. செர்மனி தேசத்துக் கிரிம் சகோதரர்கள் 1812-இல் அச்சிட்ட கதைத் தொகுப்பிலும் கையிழந்த பெண் ஒருத்தி வருகிறாள். அங்கே கடிதத்தை மாற்றுகிறவன் சாட்சாத் பசாசே. நம் தமிழ்க் கதையிலோ மாற்றாந்தாயின் பொறாமைதான் அந்த வேலையைச் செய்கிறது. தீமை எங்கிருந்து புறப்படுகிறது என்பதை நம் கதை மனித உள்ளத்திலேயே காட்டிவிடுகிறது. பார்த்துவிட்டு வீடு திரும்பிய தாய்மார், இருட்டில் பேய் நிற்கிறதோ என்று நடுங்கவில்லை. தங்கள் நாவையும் நெஞ்சையும் அல்லவா சோதித்திருப்பார்கள்!

சந்தேகமும் ஒரு திகிலே

அரியலூர்ச் சீமையிலுள்ள ஏலாக்குறிச்சிக்கு நம்மில் பலர் அடைக்கல மாதாவைத் தேடிப் போயிருக்கிறோம். அங்கே தங்கி ஊழியம் செய்த வீரமாமுனிவர் (1680–1747), அவ்வூருக்குத் திருக்காவலூர் என்று பெயரிட்டவர். 1726-ஆம் ஆண்டில் அவர் இயற்றிய தேம்பாவணியின் தலைவர் அர்ச். சூசையப்பர். 3,615 பாடல்கள் கொண்ட அந்தக் காவியத்தில் ஒரு பகுதிக்கு 'ஐயந்தோற்று படலம்' என்று பெயர். கன்னிமரியாள் கருவுற்றிருப்பதைக் கண்டு சூசையப்பர் கலங்கியதைச் சொல்லும் பகுதி அது. ஒரு நல்ல மனிதன் மனதுக்குள் நடக்கும் போராட்டமே அங்கே திகில். உண்மை நமக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. சுவிசேஷத்தில் சம்மனசு கனவில் வந்து அவருக்குச் சொன்ன முதற் செய்தியே அஞ்சவேண்டாம் என்பதுதான். பரலோகத்திலிருந்து வரும் அற்புதம் அச்சத்தைத் தீர்க்கவே வருகிறது என்பதை மறவாதீர்கள்.

நம் காலத்தில் பிற தேசங்களிலும் இவ்விதக் கதைகள் எழுதப்படுகின்றன. அமெரிக்காவில் பிரிந்த சபையைச் சேர்ந்த பிராங்க் பெரட்டி என்பவர் 1986-இல் ஒரு நாவல் வெளியிட்டார். ஒரு சிற்றூருக்காகச் சம்மனசுகளும் பசாசுகளும் போரிடுவதே அதன் கதை. இலட்சக்கணக்கானோர் அதை வாசித்தார்கள். விசுவாசிகளின் செபம் சம்மனசுகளுக்குப் பலம் சேர்ப்பதாக அவர் காட்டுவது செபத்தில் ஊக்கம் தரக்கூடியது. ஆனால் அதை அப்படியே வேதப் பாடமாகக் கொள்ளுகிறவனுக்கு ஓர் ஆபத்து உண்டு. தன் கோபத்துக்கும் குடிக்கும் பசாசையே காரணம் சொல்லுவான். தன்னோடு ஒத்துப்போகாத அயலானைப் பசாசின் ஆள் என்று எண்ணத் தொடங்குவான்.

நான் செய்த பிழை

இதை நான் உயர்ந்த இடத்திலிருந்து சொல்லவில்லை. குருப்பட்டம் பெற்ற புதிதில், வேறொரு பங்கில் உதவிக் குருவாயிருந்தேன். வகுப்பில் பிள்ளைகள் அமைதியாக இருக்கவேண்டும் என்பதற்காக, பசாசு ஒரு பெண்ணைக் கீழே தள்ளி உலுக்கியதாக ஒரு கதையை நடித்துச் சொன்னேன். பிள்ளைகள் மூச்சுவிடாமல் கேட்டார்கள். நானும் மகிழ்ந்தேன்.

சில மாதம் கழித்து, வகுப்புக்கு வராமலிருந்த ஒரு சிறுமியின் வீட்டுக்குப் போனேன். அவளுக்கு வலிப்பு வந்திருக்கிறது. கூடப்படிக்கும் பிள்ளைகள், "சாமி சொன்ன கதையில் இப்படித்தான் வந்தது" என்று சொல்லிவிட்டார்கள். பெற்றோர் பயந்து, மகளை வெளியே காட்டாமல் மறைத்து, மந்திரிப்பவரிடம் பணத்தைக் கொட்டியிருந்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகவே இல்லை. அன்றே மருத்துவரிடம் அழைத்துப் போனோம். மாத்திரையால் வலிப்பு அடங்கியது. ஆனால் வீணான அந்த மாதங்களை அந்தக் குழந்தைக்கு யார் திருப்பிக் கொடுப்பது? அந்தக் கதையைச் சொன்னவன் நானே. அன்று முதல், கதை சொல்லும்போது என் நாவுக்கு நானே காவல் வைத்துக்கொள்கிறேன்.

பசாசு உண்டு என்பது நம் விசுவாசம். ஆனால் திருச்சபை எவ்வளவு விவேகமாக நடக்கிறது பாருங்கள். மேற்றிராணியாரின் தனிப்பட்ட, வெளிப்படையான அனுமதியின்றி எவரும் பேயோட்டும் சடங்கு நடத்தக்கூடாது என்று திருச்சபைச் சட்டம் 1172 கட்டளையிடுகிறது. நோயைப் பசாசின் வேலை என்று கொள்ளாமல், முதலில் நன்கு ஆராய்ந்து அறியவேண்டும் என்று 1992-இல் வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி நூலும் (எண் 1673) போதிக்கிறது.

மூன்று கேள்விகள்

ஆகையால், பெற்றோரே, பிள்ளைகள் ஒரு கதையை வாசித்த பின்போ படத்தைப் பார்த்த பின்போ, அவர்களோடு உட்கார்ந்து இந்த மூன்றையும் கேளுங்கள்.

முதலாவது: இக்கதையில் பெரியவர் யார்? சர்வேசுரனா, பசாசா? பசாசின் பலமே முழுக்கதையாகி, கடைசி ஐந்து நிமிடத்தில் மட்டும் சிலுவை காட்டப்பட்டால், அங்கே சிலுவை வெறும் ஆயுதமாகத்தான் நிற்கிறது.

இரண்டாவது: நன்மையையும் தீமையையும் தெரிந்துகொள்ளும் சுதந்தரம் கதையில் வரும் மனிதருக்கு உண்டா? தொபியாசு செபித்தான், ஞானசௌந்தரி நம்பிக்கை இழக்கவில்லை, சூசையப்பர் கீழ்ப்படிந்தார். மனிதர் வெறும் பொம்மைகளாக ஆட்டப்படும் கதையில் நமக்குக் கற்க ஒன்றுமில்லை.

மூன்றாவது: விளக்கை அணைத்துப் படுக்கும்போது உன் மனது எப்படி இருக்கிறது? செபம் சொல்லி உறங்க முடிகிறதா, அல்லது இருட்டுக்கு நடுங்குகிறதா?

அந்தச் சிறுவனுக்கு இப்போது என் விடை இதுதான்: தம்பி, பார்த்ததற்காக நீ அழவேண்டாம். ஆனால் இராத்திரியில் தனியாக ஒளிந்து பார்க்காதே. அக்காவிடமும் அப்படியே சொல். சிலுவை வருவதால் மட்டும் அது நம் வேதத்துக் கதை ஆகாது. சிலுவையில் தொங்கியவர்மேல் உன் நம்பிக்கையை வளர்க்கும் கதையே நம் கதை.

இந்த வாரம் ஒரு நாள் இரவுச் செபத்துக்குப் பின், குடும்பமாக உட்கார்ந்து தொபியாசு ஆகமத்தின் எட்டாம் அதிகாரத்தை உரக்க வாசியுங்கள். வேலைக்காரி விளக்கோடு போகும் இடத்தில் சற்று நிறுத்தி, பிள்ளைகளின் முகத்தைப் பாருங்கள். பின்பு மீதியை வாசித்து, அவர்கள் நெற்றியில் சிலுவை அடையாளம் வரைந்து, நிம்மதியாகப் படுக்க வையுங்கள்.

உங்கள் பங்குக்குரு