மேல் அம்புக்குறியை அழுத்தினால் நிரல் ஏன் மூடுகிறது?

கீழ்க்கட்டளையில் மளிகைக்கடை வைத்திருக்கும் ஒருவருக்கு, பிளஸ் டூ படிக்கும் அவர் மகன் ஒரு சிறு நிரல் எழுதித் தந்தான். கடையில் இருப்பது பழைய கணினி, அதில் உபுண்டு. டெர்மினலில் ஓடும் பாஷ் ஸ்கிரிப்ட் அது. யாருக்கு எவ்வளவு கடன் என்று பகல் முழுக்கப் பதியலாம். எஸ்கேப் விசையை அழுத்தினால் கணக்கைச் சேமிக்காமலே வெளியேறும். இரண்டாம் நாளே, முந்தைய பெயரைப் பார்ப்போம் என்று அத்தா மேல் அம்புக்குறியை அழுத்த, நிரல் மூடிக்கொண்டது. அன்றைய கடன் கணக்கு மொத்தமும் போயிற்று. "நான் எஸ்கேப்பைத் தொடவே இல்லைடா" என்றார். அவர் சொன்னது உண்மைதான்.

டெர்மினலில் ஓடும் நிரலுக்கு விசை என்றால் என்னவென்று தெரியாது. அதற்கு வருவதெல்லாம் எண்கள். 'ஏ' என்ற ஆங்கிலப் பெரிய எழுத்துக்கு 65, எஸ்கேப்புக்கு 27. அம்புக்குறிக்கென்று தனி எண் கிடையாது. 1978இல் டிஜிட்டல் எக்யூப்மென்ட் நிறுவனம் வெளியிட்ட விடி100 என்ற முனையத்தில், மேல் அம்புக்குறி 27, 91, 65 என மூன்று எண்களாகப் போனது. அதாவது எஸ்கேப், சதுர அடைப்புக்குறி, 'ஏ'. கீழ், வலம், இடம் ஆகியவற்றுக்குக் கடைசி எழுத்து பி, சி, டி என மாறும். இன்றைய உபுண்டு டெர்மினலும் அந்த வழக்கத்தையே பின்பற்றுகிறது. வெறும் ஷிப்ட்டை அழுத்தினால் எதுவுமே வராது.

நீங்களே பார்க்கலாம். டெர்மினலில் 'கேட்' கட்டளையைத் தட்டி எண்டர் கொடுத்து, மேல் அம்புக்குறியை அழுத்துங்கள். கூரைபோன்ற ஒரு குறி, இரண்டு சதுர அடைப்புக்குறி, 'ஏ' என்று தெரியும். கூரையும் முதல் அடைப்புக்குறியும் சேர்ந்ததுதான் அந்த 27. வெளியே வர கன்ட்ரோல் சி.

பையனின் நிரல் ஒரு எழுத்தைப் படித்தது, 27 என்று கண்டது, வெளியேறிவிட்டது. மிச்சமிருந்த அடைப்புக்குறியும் 'ஏ'வும் கட்டளை வரியில் வந்து நின்றன. அதை அவன் கவனித்திருந்தால் அப்போதே பிடிபட்டிருக்கும்.

திருத்தம் சிறியதுதான். 'ரீட்' கட்டளைக்கு ஆர், எஸ், என் 1 என்ற தேர்வுகளைக் கொடுத்து ஒரு எழுத்தைப் படிக்க வேண்டும். அது 27 என்றால் உடனே முடிவெடுக்கக் கூடாது. இன்னொரு 'ரீட்', இம்முறை என் 2, கூடவே டி 0.1, அதாவது ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு காத்திருக்கச் சொல்ல வேண்டும். அதற்குள் இரண்டு எழுத்து வந்தால் அம்புக்குறி. ஒன்றும் வராவிட்டால்தான் எஸ்கேப். மனிதக் கை அவ்வளவு வேகமாக மூன்று விசைகளைத் தட்டாது என்பதே இதிலுள்ள கணக்கு. சில நேரம் அடைப்புக்குறிக்குப் பதில் ஆங்கில 'ஓ' வரும், அதையும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

இன்னொரு பொறி, ஸ்பேஸ் விசை. சாதாரணமாகப் படித்தால் ஸ்பேஸும் எண்டரும் ஒன்றுபோல வெற்றாகவே வரும். 'ரீட்'டுக்கு முன்னால் ஐ.எஃப்.எஸ் என்று பெரிய எழுத்தில் எழுதி, சமக்குறி போட்டு, ஓர் இடைவெளி விட்டால் ஸ்பேஸ் தப்பிக்கும்.

டெலீட் விசை நான்கு எண்களாக வருகிறது: 27, 91, 51, 126. இரண்டோடு நிறுத்தினால் கடைசி அலைக்குறி அடுத்த பெயரில் ஒட்டிக்கொள்ளும். எனவே அடைப்புக்குறிக்குப் பின் ஒவ்வொன்றாக, ஓர் எழுத்தோ அலைக்குறியோ வரும்வரை படிப்பது நல்லது.

பிளஸ் டூவில் பைத்தான் படிப்பவர்களுக்கும் இதே எண்கள்தான் வரும். பைத்தானின் 'இன்புட்' எண்டருக்காகக் காத்திருப்பதால் வழி மட்டும் வேறு.

விசையைச் சரிசெய்ததோடு பையன் இன்னொன்றும் செய்தான். இப்போது ஒவ்வொரு கடனும் பதிந்த உடனே கோப்பில் எழுதப்படுகிறது. அத்தா மட்டும் இன்னும் பக்கத்தில் ஒரு நோட்டு வைத்திருக்கிறார்.