சிறப்புக் கல்வி ஆசிரியர் ஆவது எவ்வாறு?

ஊராட்சிக் கூட்டங்களில் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேச்சு எழும்போது, கூரை ஒழுகுவது, சுற்றுச்சுவர் இல்லாமை, குடிநீர்க் குழாய் பழுதுபட்டிருப்பது முதலியவை தவறாமல் இடம் பெறுகின்றன. அவையாவும் கவனிக்கப்பட வேண்டியவையே. ஆனால், ஊரில் பார்வையற்ற பிள்ளை ஒன்றும், காது கேளாத பிள்ளை ஒன்றும், அறிவுசார் குறைபாடுடைய பிள்ளைகள் இருவரும் இருப்பின், அவர்களுக்குக் கற்பிக்கத் தகுதி பெற்ற ஆசிரியர் யார், அவர் எங்கிருந்து வருகிறார் என்ற கேள்வி அங்கு அரிதாகவே எழுகிறது. அத்தகைய ஆசிரியர் வெளியூரிலிருந்துதான் வர வேண்டும் என்பதில்லை. பட்டம் பெற்று வேலை தேடிக்கொண்டிருக்கும் நம் ஊர்ப் பிள்ளையே அவ்வாசிரியராக முடியும். அதற்குரிய வழியையும், அவ்வழியில் உள்ள பள்ளங்களையும் இங்கே விளக்கக் கருதுகிறோம்.

முதலில் பெயரைப் பற்றி ஒரு சொல். நம் மாநிலக் கல்வித் துறையில் 'சிறப்பாசிரியர்' என்றால் ஓவியம், இசை, தையல், உடற்பயிற்சி ஆகியவற்றைக் கற்பிப்பவர் என்றே நெடுங்காலமாகப் பொருள். மாற்றுத் திறனாளிப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பவரைச் 'சிறப்புக் கல்வி ஆசிரியர்' என்றும் 'சிறப்புப் பயிற்றுநர்' என்றும் வழங்குகின்றனர். வேலை அறிவிக்கையைப் படிக்கும்போது இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டு விண்ணப்பக் கட்டணத்தை இழக்க வேண்டாம்.

நல்ல மனமும் பொறுமையும் இருந்தால் போதாதா, தனியாக ஒரு படிப்பு எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். போதாது என்பதற்கு ஓரிரு சான்றுகள் தருவோம். பார்வையற்றோர் படிக்கும் பிரெய்ல் எழுத்து ஆறு புள்ளிகளால் ஆனது. நிரலுக்கு மூன்றாக இரண்டு நிரல்களில் அமைந்த அப்புள்ளிகளில் எவை மேடாக இருக்கின்றன என்பதை விரல் நுனியால் உணர்ந்து எழுத்தை அறிய வேண்டும். இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெய்ல் முறை 1951-இல் ஏற்கப்பட்டது. தமிழையும் அம்முறையிலேயே எழுதுகிறோம். சட்டத்தில் தாளைப் பொருத்தி ஊசியால் குத்தி எழுதும்போது வலமிருந்து இடமாகக் குத்திச் செல்ல வேண்டும். தாளைத் திருப்பினால்தான் மேடுகள் மேலே வந்து, இடமிருந்து வலமாகப் படிக்க இயலும். எனவே எழுதும்போது ஒவ்வோர் எழுத்தையும் கண்ணாடியில் காண்பது போல மாற்றிக் குத்த வேண்டும். கற்பிப்பவர் இதில் தேர்ந்தவராக இல்லாவிடில் பிள்ளை என்ன செய்யும்?

காது கேளாத பிள்ளைக்குக் கருவி வாங்கிப் பொருத்திவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணுவோர் பலர். கருவி ஒலியைப் பெரிதாக்கும். சொல்லைத் தெளிவாக்கித் தரும் என்று சொல்ல முடியாது. ஆசிரியர் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு பேசினால், உதட்டசைவைக் கவனித்துப் பொருள் கொள்ளும் பிள்ளைக்கு அப்பாடம் நடக்கவே இல்லை என்றுதான் கொள்ள வேண்டும். வெளிச்சம் முகத்தில் படுமாறு நிற்கவும், செவித்திறன் அளவீட்டுத் தாளைப் படித்தறியவும், சைகை மொழியில் உரையாடவும் அவர் பயின்றிருக்க வேண்டும்.

அறிவுசார் குறைபாடுடைய பிள்ளையிடம் வேலை இன்னும் நுட்பமானது. கை கழுவுவது நமக்கு ஒரே செயல். அப்பிள்ளைக்கோ குழாயைத் திறப்பது, கையை நனைப்பது, சோப்பை எடுப்பது, தேய்ப்பது, சோப்பைத் திரும்ப வைப்பது, நுரை போக அலசுவது, குழாயை மூடுவது, துடைப்பது என எட்டுச் செயல்கள். எந்தப் படியில் பிள்ளை நிற்கிறது என்று கண்டு, அந்தப் படியை மட்டும் பல நாள் பழக்கி, பிறகு அடுத்ததற்குச் செல்ல வேண்டும். கடைக்குப் போய் மீதிச் சில்லறை வாங்கி வருவதையும் இவ்வாறே பகுத்துக் கற்பிக்கின்றனர். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியே கல்வித் திட்டம் எழுதி, குறிப்பிட்ட காலத்துக்குள் எதனை எட்ட வேண்டும் என்று வரையறுத்து, எட்டியதா என்று அளந்து பார்ப்பதே இப்படிப்பின் உயிர்நாடி எனலாம்.

இத்தொழிலை நெறிப்படுத்துவது இந்திய மறுவாழ்வுக் குழுமமாகும். 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த இக்குழுமம் 1993-இல் சட்டபூர்வமான அமைப்பாயிற்று. எந்தப் படிப்பு செல்லும், எந்த நிறுவனம் அதனை நடத்தலாம் என்று முடிவு செய்வதும், படித்து முடித்தவர்களின் பெயரை மத்திய மறுவாழ்வுப் பதிவேட்டில் ஏற்றுவதும் அதன் பணி. அப்பதிவேட்டில் பெயர் இல்லாதவர் அரசு நிறுவனத்திலோ, உள்ளாட்சி நடத்தும் நிறுவனத்திலோ இப்பணியை ஏற்கக் கூடாது என்று சட்டத்தின் 13-ஆம் பிரிவு கூறுகிறது. மீறினால் ஓராண்டு வரை சிறைத் தண்டனையோ, 1,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். அபராதத் தொகை இன்று சிறிதாகத் தோன்றலாம். ஆனால் 'உள்ளாட்சி' என்னும் சொல் அப்பிரிவில் இருப்பதை ஊராட்சி உறுப்பினர்கள் கருத்தில் கொள்ள வேண்டும். மருத்துவருக்கும் வழக்கறிஞருக்கும் பதிவு எவ்வாறோ, அவ்வாறே இவ்வாசிரியருக்கும் பதிவு எண்.

இனி வழியைக் காண்போம். ஒரு விவசாயியின் மகள் அறிவியலில் பட்டம் பெற்று வீட்டில் இருக்கிறாள் எனக் கொள்வோம். இதுகாறும் பட்டதாரிகள் பெரும்பாலோர் சென்ற வழி பி.எட். சிறப்புக் கல்வி என்பதாகும். பட்டப் படிப்பில் 50 விழுக்காடு மதிப்பெண் வேண்டும். இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு விதிப்படி தளர்வு உண்டு. முன்பு ஓராண்டாக இருந்த இப்படிப்பு 2015-க்குப் பின் இரண்டாண்டாயிற்று. பொது பி.எட். பட்டம் இதற்கு ஈடாகாது. அதனை மட்டும் வைத்துக்கொண்டு மறுவாழ்வுப் பதிவேட்டில் இடம் பெற முடியாது. மேல்நிலைக் கல்வி முடித்தவர்கள் இரண்டாண்டு டி.எட். சிறப்புக் கல்வியில் சேர்ந்து தொடக்க வகுப்புகளுக்குத் தகுதி பெறலாம். எம்.எட். சிறப்புக் கல்வி என்பது ஆசிரியர்களுக்கு ஆசிரியராக விரும்புவோர்க்கு உரியது. பள்ளியில் கற்பிக்க அது கட்டாயமன்று.

2020-ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கைக்குப் பின், பள்ளிப் படிப்பு முடிந்தவுடன் சேரும் நான்காண்டு ஒருங்கிணைந்த படிப்பை நோக்கி ஆசிரியர் கல்வி நகர்ந்து வருகிறது. அதையொட்டிச் சிறப்புக் கல்விப் படிப்புகளும் மாற்றி அமைக்கப்பட்டு வருகின்றன. ஆகையால் அண்ணன் படித்த படிப்பு தங்கைக்கும் அப்படியே இருக்கும் என்று நம்பிவிடலாகாது. எந்தக் கல்லூரியில், எந்தப் பாடப்பிரிவுக்கு, எந்தக் கல்வியாண்டுக்கு, எத்தனை இடங்களுக்கு அனுமதி என்பதைக் குழுமத்தின் இணையதளத்தில் காணலாம். சேரும் ஆண்டின் பட்டியலில் அக்கல்லூரியின் பெயர் இருக்கிறதா என்று பார்த்த பின்னரே பணம் கட்ட வேண்டும். 'அனுமதிக்கு விண்ணப்பித்துள்ளோம், வந்துவிடும்' என்பது அனுமதி ஆகாது. ஆறு மாதத்தில் சான்றிதழ் தருவதாகக் கூறும் விளம்பரங்களைப் பற்றி நாம் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு போகத்து நெல் விற்ற பணமும், இரண்டாண்டு உழைப்பும், பதிவு எண் கிடைக்காத ஒரு தாளுக்காகக் கழிந்து போவது சிறிய இழப்பன்று.

அடுத்து, பாடப்பிரிவைத் தெரிந்தெடுப்பது. இப்பட்டம் பொதுவானதன்று, பார்வைக் குறைபாடு, செவிக் குறைபாடு, அறிவுசார் குறைபாடு, புற உலகச் சிந்தனையின்மை எனப்படும் ஆட்டிசம், பல்வகைக் குறைபாடு என ஏதேனும் ஒரு துறையைச் சார்ந்தே அது வழங்கப்படுகிறது. பக்கத்துக் கல்லூரியில் எது இருக்கிறதோ அதில் சேர்வதே வழக்கம். பேருந்துச் செலவைக் கருதினால் அது இயல்புதான். எனினும், வேலை அறிவிக்கைகள் பல, துறையைக் குறிப்பிட்டே வெளிவருகின்றன என்பதையும், பிரெய்ல் படித்தவரிடம் ஆட்டிசம் உள்ள பிள்ளையை ஒப்படைத்தால் இருவருமே இடர்ப்படுவர் என்பதையும் சேருமுன் எண்ணிப் பார்ப்பது நன்று. நம் மாநிலத்தில் சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 2005-இல் தொடங்கப்பட்ட பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. கோவையில் அவினாசிலிங்கம் மகளிர் பல்கலைக்கழகத்திலும், இராமகிருஷ்ண மிஷன் வித்யாலயத்திலும் இக்கல்வி பல ஆண்டுகளாக வேரூன்றியுள்ளது. பணியில் இருப்போர்க்குத் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் பி.எட். சிறப்புக் கல்வியை நடத்தி வந்துள்ளது.

படிப்பை முடித்தவுடன் பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். பதிவு வாழ்நாள் முழுமைக்கும் அன்று. குறித்த காலத்தில் புதுப்பிக்க வேண்டும். இடையில் நடைபெறும் தொடர் கல்விப் பயிற்சிகளில் கலந்துகொண்டதற்கான சான்று அதற்குத் தேவை. பணி நியமனத்துக்கு ஆசிரியர் தகுதித் தேர்வும் கேட்கப்படுவதுண்டு.

வேலை கிடைக்குமா என்ற கேள்விக்கு ஒளிவின்றி விடை கூற வேண்டும். தேவை மிகுதி, நிலையான பணியிடங்கள் குறைவு. பல மாநிலங்களில் இவ்வாசிரியர்கள் ஒப்பந்த முறையில், தொகுப்பூதியத்தில், ஆண்டுக்கணக்கில் பணியாற்றி வந்துள்ளனர். 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இதனை ஆராய்ந்து, தொடக்க வகுப்புகளில் இத்தகைய 10 பிள்ளைகளுக்கு ஒருவர், மேல் வகுப்புகளில் 15 பிள்ளைகளுக்கு ஒருவர் என்னும் அளவைக் காட்டியது. 2025 மார்ச்சில், பணியிடங்களை அறிவிக்குமாறு மாநிலங்களுக்கு மீண்டும் ஆணையிட்டது. ஆகவே வாயில் திறந்து வருகிறது எனலாம். முழுதும் திறந்துவிட்டது என்று சொல்லி எவரையும் இதில் இழுத்துவிட நாம் விரும்பவில்லை.

எத்தனை ஆசிரியர் வேண்டும் என்பது எத்தனை பிள்ளைகள் கணக்கில் உள்ளனர் என்பதைப் பொறுத்தது. இங்கேதான் ஊராட்சியின் பங்கு வருகிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. குறைபாடு 40 விழுக்காடும் அதற்கு மேலும் உள்ள பிள்ளைகளுக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி பெறும் உரிமையை அது அளிக்கிறது. அச்சட்டத்தின் 17-ஆம் பிரிவு, அரசுடன் உள்ளாட்சி அமைப்புகளையும் பெயர் சொல்லிச் சேர்த்து, ஐந்தாண்டுக்கு ஒரு முறை பள்ளி வயதுப் பிள்ளைகளைக் கணக்கெடுக்குமாறும், சைகை மொழியும் பிரெய்லும் அறிந்த ஆசிரியர்களைப் பயிற்றுவித்துப் பணியில் அமர்த்துமாறும் கூறுகிறது. மாற்றுத் திறனாளிகளே அவ்வாசிரியர்களாக அமைவதையும் அது குறிப்பிடுகிறது. நம் ஊரில் பட்டம் பெற்ற பார்வையற்ற இளைஞர் ஒருவர் இருந்தால், இச்செய்தி அவர் செவிக்கு எட்ட வேண்டும்.

கணக்கெடுப்பில் வீட்டுக்குள் மறைக்கப்பட்ட பிள்ளைகள் விடுபட்டுப் போகின்றனர். விருந்தினர் வந்தால் பின்கட்டுக்கு அனுப்பப்படும் பிள்ளையின் பெயர் எந்தப் பட்டியலிலும் ஏறுவதில்லை. அங்கன்வாடிப் பணியாளரும் கிராமச் சுகாதாரச் செவிலியரும் இவ்வீடுகளை அறிவர். அவர்களை உடன் அழைத்துச் சென்று பெயர்களைத் தொகுத்து, வட்டார வள மையத்தில் எழுத்து மூலம் கொடுத்து, ஒப்புகைச் சீட்டுப் பெற்றுக்கொள்வது உறுப்பினர் எவரும் ஒரு வாரத்தில் செய்யக்கூடிய காரியம். நடக்கவோ உட்காரவோ இயலாத பிள்ளைக்கு வீட்டிலேயே கல்வி பெறும் உரிமையைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 2012-ஆம் ஆண்டுத் திருத்தம் வழங்கியுள்ளது. அப்பிள்ளையின் வீட்டுக்குச் சிறப்புப் பயிற்றுநர் எந்த நாளில் வருகிறார், சென்ற மாதம் எத்தனை முறை வந்தார், அவரது பதிவு நடப்பில் உள்ளதா என்று மையத்தில் கேட்டறிந்து, அவ்விடையை அடுத்த கிராம சபையில் பெற்றோர் முன்னிலையில் படிக்கலாம்.